எண்ணாமல் விட்ட கை

வலியில் எரிந்துகொண்டிருந்த ஒருவருக்கு வலி குறைந்துவிட்டது என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

காதால் கேட்டதை நம்பி அல்ல... கண்ணால் பார்த்துக்கொண்டே! இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். என் மனைவி வசந்தாவுக்குத் தெரியாது. அவளுக்காகத்தானே செய்தேன் என்று இத்தனை காலமும் என்னைத் தேற்றிக்கொண்டவன், அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அக்கி வந்தவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலாவில், இடுப்பில் கொப்புளமாய்ப் படரும். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மண்பானை செய்கிறவரை அழைத்து, காவியைக் குழைத்து அதன்மேல் எழுதச் சொல்வார்கள். கொப்புளம் காய்ந்து உதிரும். சிலருக்கு அதோடு முடிந்தது. சிலருக்கோ தோல் ஆறிய பிறகும் அடியில் நரம்பு ஆறாது... வருடக்கணக்கில் எரியும். காற்றுப் பட்டால் எரியும். உடுத்திய துணி பட்டால் எரியும்!

வசந்தாவுக்கு அப்படித்தான். கிடைத்த மாத்திரைகள் அவளைத் தூங்கவைத்தன, எரிச்சலைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு மருத்துவமனை, இந்த நரம்பு வலிக்கென்று வந்த புது மாத்திரை ஒன்றைச் சோதித்தது. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய் வலியைக் கேட்டுவர ஆள் வேண்டியிருந்தது. எழுதுகிறவன், கரிசல்காட்டுப் பேச்சு அறிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சுளீர், கடுகடுப்பு, விண்விண், மதமதப்பு... வலிக்கு எங்களிடம் இருக்கும் சொற்களையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். என்ன பெருமை எனக்கு!

அங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாரைச் சோதனையில் சேர்க்க மாட்டார்களாம். மருந்து தேறிக் கடைக்கு வந்தால்தான் வசந்தாவுக்கு விடிவு.

சோதனையை நடத்திய டாக்டரம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். யாருக்காவது வலி குறையாவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரை விடுவித்து வேறு சிகிச்சை தருவோம் என்று.

லூர்து அக்காவின் வீடு, திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்கும் தூரத்தில். ஆடு வளர்த்துப் பிழைப்பவர். வலது விலாவில் அக்கி வந்து போனவர். சோதனைக்குச் சேர்ந்த அன்று, பத்து விரலில் எத்தனை விரல் வலி என்று கேட்டேன். பிடித்திருந்த சேலையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் எட்டு விரலைக் காட்டினார். துணி விலாவில் பட்டதும் முகம் சுருங்கிப் போனது.

விரல் காட்டச் சொல்வது என் யோசனை. அதுவும் எனக்குப் பெருமைதான்...

மாத்திரை தொடங்கிய பிறகு முதல் முறை அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க தம்பி. வலிக்கு மார்க்கு போடுற வாத்தியாரு வந்துட்டாகன்னு ஆட்டுக்குட்டியெல்லாம் மிரளுது. எப்படியாச்சும் பாசாக்கி விட்டுருங்க" என்று சிரித்தார். தேநீர் கொடுத்தார்.

கேள்வியைத் தொடங்கும் முன் நான் ஒன்று செய்தேன். என் மனைவிக்கும் இதே நோவு என்றேன். இந்த மாத்திரை தேறினால்தான் அவளுக்குக் கிடைக்கும் என்றேன். பேச்சுவாக்கில் வந்ததுபோலச் சொன்னேன். பேச்சுவாக்கிலா! சொல்லை எங்கே வைத்தால் எங்கே தைக்கும் என்பதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு?

பிறகுதான் கேட்டேன்.

"பரவால்ல தம்பி" என்றார் அக்கா. மூன்று விரல் காட்டினார்.

ஒரு கையால். மறு கை, விலாவில் படாதபடி சேலையை விலக்கிப் பிடித்திருந்தது. நான் இருந்த நேரம் முழுக்க அது இறங்கவே இல்லை!

வீடு தேடி வந்தவரிடம் நோவைச் சொல்லி முகம் வாடவைக்க மாட்டார்கள் எங்கள் மக்கள். அந்தப் பரவாயில்லையின் பொருள் எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே என்னை வைத்திருந்தார்கள்? மூன்று என்று அனுப்பினேன். அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் ஒரு கையின் விரல்களை மட்டும் எண்ணினேன். வேறு சிகிச்சை அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. மற்ற வீடுகளிலும் அப்படியே... என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

முடிவு வந்தது. டாக்டரம்மா அழைத்துச் சொன்னார். "உங்க பக்கம் வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களும் குறைஞ்சிருச்சுன்னுதான் சொல்லியிருக்காங்க. மருந்துக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியலை."

மருந்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். லூர்து அக்காவுக்குப் போனது வெற்று மாத்திரை.

புரிகிறதா உங்களுக்கு? மருந்தைத் தூக்கிவிடுகிறேன் என்று வெற்று மாத்திரையைத் தூக்கிவிட்டிருக்கிறேன்! என் ஒருவனால்தான் அது தோற்றதா? மற்ற வட்டாரங்களிலும் சோதித்தார்கள். மருந்தே வலுவற்றதாக இருந்திருக்கலாம். தெரியாது... தெரியாமலே போனதற்கு நானும் காரணம். அது தெரியும்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத்தான் மறுபடி பஸ் ஏறினேன். ஆனால் வாயில் வந்தது வேறு. உங்களுக்குக் கொடுத்தது வெற்று மாத்திரை அக்கா, பிறகு ஏன் குறைந்தது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். பழியை அவர் மடியில் வைத்தேன்!

அக்கா காலைச் சுற்றிய ஆட்டுக்குட்டியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"மாத்திர கேக்கலன்னு சொன்னா நிப்பாட்டிப்புடுவாகளேன்னுதான் தம்பி. அப்புறம் உங்க வீட்டுல அவுகளுக்கு எப்படிக் கிடைக்கும்?"

அக்காவே மறுபடி கேட்டார்.

"நெச மாத்திர எப்பக் கடைக்கு வருது?"

"வந்துரும்க்கா" என்றேன்.

அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கும் பொய்தான் சொன்னேன். அவர் கை சேலையைப் பிடித்தபடியே இருந்தது. வேறு சிகிச்சைக்கு மதுரை வாருங்கள் என்று மட்டும் சொல்லி வந்தேன். வருகிறேன் என்றார். வரவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வசந்தாவிடம் கேட்கிறேன், எப்படி இருக்கிறது என்று.

"பரவால்லங்க" என்கிறாள்.

நான் அவள் முகத்தை மட்டும் பார்க்கிறேன். கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.