குன்வோரின் கத்தரிக்காய் ஜாடி

நான் செய்ததை விளையாட்டு என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிந்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஸ்வீடனின் மேற்குக்கரையில் எங்கள் தீவு. இங்கிருந்த மீன் தொழிற்சாலையில் குன்வோரும் நானும் ஒரே மேசையில் முப்பது வருஷம் ஹெர்ரிங் மீன் அறுத்தவர்கள். வாயாடி நான், அவள் கேட்டால்தான் பதில் சொல்வாள். சேர்ந்த புதிதில் ஒரு தட்டுக்கு ஆறு மீன் அடுக்குவோம். கடைசி வருஷங்களில் மீன் சிறுத்து, அதே தட்டுக்குப் பன்னிரண்டு பிடித்தது. நாங்களெல்லாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அவள் மட்டும் ஓய்வு பெற்ற அன்றைக்கு, "வளரவே விடாம வழிச்சு எடுக்குறோம்டி. இனிமே எனக்கு மீன் வேண்டாம்," என்றாள். பதினொரு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள்.

மற்ற நாளில் மீன் தின்னாமல் இருந்துவிடலாம். நடுக்கோடைத் திருநாளில் எங்கே போய் ஒளிவது? படகுத்துறையில் நீள மேசை போட்டு, வீட்டுக்கொரு ஜாடி ஹெர்ரிங் ஊறுகாய் வைப்போம். அதைத் தின்று, ஒரு பாட்டுப் பாடி, ஒரு மடக்குச் சாராயம் குடித்த பிறகுதான் மற்றதெல்லாம். குன்வோர் கத்தரிக்காயைத் தோலுரித்து வேகவைத்து, வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு, மேலே கடுகுச் சாறு ஊற்றிக் கொண்டுவருவாள். முதல் வருஷம் எல்லாரும் சிரித்தார்கள். போகப்போக அவள் ஜாடிதான் முதலில் காலியானது. என்னுடையது பாதியோடு வீடு திரும்பியது. வயிறு எரிந்தது எனக்கு, வேறென்ன.

"கடுகைப் போட்டு மூடிட்டா எது மீன், எது காய்னு உனக்கே தெரியாதுடி," என்று போன வருஷம் சீண்டினேன்.

"தெரியும்," என்றாள். அவ்வளவுதான்.

ஜாடிகளைத் திருநாளுக்கு முதல் நாளே ஊர்ச் சங்கக் கூடத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது வழக்கம். போன வருஷத் திருநாள் காலையில் கூடத்தில் காப்பி போடும் முறை என்னுடையது. அவளுடைய கத்தரிக்காயை ஒரு டப்பாவில் கொட்டி ஒளித்துவிட்டு, என் கடுகு ஹெர்ரிங்கை அவள் ஜாடியில் நிரப்பினேன். ஒரு வாய் தின்னட்டும், எல்லார் முன்னாலும் கைதட்டிச் சொல்லலாம் என்பதுதான் திட்டம்.

முதல் துண்டை உருளைக்கிழங்கோடு வாயில் வைத்தாள். மெல்லுவது நின்றது. தட்டையே பார்த்தபடி இருந்துவிட்டு விழுங்கினாள். நான் கைதட்டப் போனேன். அதற்குள் இரண்டாவது துண்டை எடுத்தாள். அப்புறம் மூன்றாவது. தட்டில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் வழித்துத் தின்றாள். என் கை மடியிலேயே கிடந்தது.

"இந்த வருஷம் கத்தரிக்கா அசத்திடுச்சு, குன்வோர்," என்றார் படகுக்காரர் ஸ்டூரே. அவள் காது வரை சிவந்துபோனாள்.

பிறகு கூடத்தில் பாத்திரம் கழுவும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள். "நீதானே?"

"ஆமாடி. சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"முதல் கடியிலேயே தெரிஞ்சுபோச்சு."

"துப்பியிருக்கலாமே. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"முதல் துண்டு உன் வேலை, அயினா. மத்த ரெண்டையும் நானாத்தான் எடுத்தேன்." குழாயை மூடினாள். "அவ்வளவு ருசியா இருந்துச்சு. பதினொரு வருஷம் நான் என்னத்தக் கிழிச்சேன்?"

ஒளித்துவைத்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். திறக்க மனசு வராமல் அப்படியே குப்பையில் போட்டேன்.

இந்த வருஷம் அவள் ஜாடி கொண்டுவரவில்லை. மேசைக்கு வந்து வெறும் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள். ஜாடி எங்கே என்று ஸ்டூரே கேட்டதற்கு, "கத்தரிக்கா சரியா வரல," என்றாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். என் ஜாடியை எடுத்து ஸ்டூரே பக்கம் நகர்த்தி வைத்தேன்.