வெற்று வண்டி போன வழியில்: சிலாபத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

கொழும்பை விட்டு ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இதுவரை மீன் விலை, வீட்டு வாடகை, தண்ணீர் என்று எழுதித் தப்பித்துக்கொண்டு வந்தேன். போன புதன்கிழமை சிலாபத்திலிருந்து கொழும்புக்கு ஒரு நாள் போய்வந்தேன். அந்தப் பயணத்தை எழுதினால் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

போன காரியம் இதுதான். இவருடைய, அதாவது என் கணவருடைய, முதலாம் வருட ஆட்டத்திவசம் வருகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவருக்கு நெருங்கிய இரத்த உறவென்று மிஞ்சியிருப்பது கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா, என் பத்மா மச்சாள், ஒருவர்தான். இவர் போன நாளிலிருந்து மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. நான் அழைத்தால் போன் எடுக்கமாட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை. திவசத்துக்காவது வரவேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது, வாசலில் போய் நின்றுதான் சொல்லவேண்டும்.

காலை ஐந்தேமுக்காலுக்கு சிலாபம் பஸ் நிலையத்திலிருந்து ஏசி பஸ். புறக்கோட்டைக்கு எண்பது கிலோமீற்றர், கட்டணம் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஏறி இன்னும் குந்தவில்லை, கொண்டக்டர் கேட்டார், "அக்கா, திவசத்துக்குச் சொல்லத்தானே போறீங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் மட்டும் சொன்ன விஷயம். அவர் கணவர் டெயிலர். டெயிலர் கடையில் ஒரு சேதி விழுந்தால் அது பஸ் நிலையத்துக்கு வர இரவு ஒன்று போதும்.

சின்ன ஊர் என்றால் முதலில் இதுதான். கேட் வழமையான நேரத்துக்குத் திறக்காவிட்டால் யாராவது வந்து தட்டுவார்கள். கடையில் பாண் வாங்கினால், "வீட்டில சமைக்கேல்லையா, சுகமில்லையா?" வெள்ளை உடுப்புப் போட்டால், "யார் செத்தது?" வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில், பன்னிரண்டு வருடம் இருந்தோம். எதிர்க் கதவுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சிலாபத்துக்கு வந்த பிறகுதான் விளங்கியது. இவர் மட்டும் சந்தோஷமாகத்தான் இருந்தார். இளவயதில் வேலை பார்த்த ஊர். கொழும்பு வாடகை எங்களுக்கு எட்டாமல் போனதும், "வாரும், அங்க மனுசர் இருக்கினம்" என்று கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

வந்த முதல் கிழமை, பெட்டிகள் கூடத் திறக்கவில்லை, டெயிலர் கதவைத் தட்டினார். மரண உதவிச் சங்கத்தில் சேரச் சொல்லி வந்திருந்தார். "குடிவர முதலே சாவுக்குக் கணக்கா?" என்று நான் சீறினேன். இவர் சிரித்துக்கொண்டே சேர்ந்துவிட்டார்.

அந்தச் சங்கம்தான் அன்றைக்கு என்னைத் தாங்கியது. காலைத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இவர் போய்விட்டார். நான் கத்தியது மட்டும் ஞாபகம். பிறகு பார்த்தால் வாசலில் பந்தல், கதிரைகள், தெரு முனைவரை வெள்ளைக் கொடி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று மேரி அக்கா வீட்டில் சமையல். அந்த ஊரில் கொடி கட்டினால் நேரம் யாரும் கேட்பதில்லை. மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு எடுப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். புத்தளத்திலிருந்து தம்பி முறையான ஒருவர் வந்தார், கொள்ளி வைத்தார், முடிந்தது.

மச்சாளுக்கு நான் போனில் சொன்னது ஒரே வசனம்: "உங்கட தம்பி எங்களை விட்டிட்டுப் போட்டார்." மச்சாள் குழறி அழுதார், போனை வைத்துவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கொழும்பில் கேட்க என்ன இருக்கிறது? யார் எங்கே செத்தாலும் உடலைக் கொழும்புக்குக் கொண்டுவந்து மலர்ச்சாலையில் பார்வைக்கு வைப்பார்கள். கல்கிசை, கொள்ளுப்பிட்டி என்று எல்லாப் பக்கத்துச் சொந்தமும் வேலை முடிந்து வந்து பார்க்கும். அது சொல்லாமலே விளங்கும் விஷயம். மச்சாளும் அப்படித்தான் மலர்ச்சாலை பதிந்து, எல்லாருக்கும் அறிவித்து, மறுநாள் மதியம் பிரேத வண்டியை அனுப்பினார். இடையில் இரண்டு தரம் எனக்கு அழைத்திருக்கிறார், பிறகுதான் பார்த்தேன். என் போன் அன்றைக்கு யார் கையில் இருந்ததோ.

நாங்கள் சுடலையிலிருந்து திரும்பி வரும்போது வாசலில் அந்த வண்டி நின்றது. வெள்ளை நிறம், பின்பக்கம் கண்ணாடி. டெயிலர் டிரைவரோடு சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தார். அந்த மனுசன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேரி அக்கா அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். பிறகு வண்டி வந்தபடியே வெறுமையாகத் திரும்பிப் போனது.

பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருகொடவத்தையில் கொண்டெயினர் லொறிகளுக்கு நடுவே முக்கால் மணித்தியாலம் நின்றோம். (காலை ஏழரைக்கு முன் அந்த இடத்தைத் தாண்டப் பாருங்கள், இல்லாவிட்டால் தலையெழுத்து.) அந்த வண்டியும் வெறுமையாக இந்த இடத்தில்தானே நின்றிருக்கும் என்று தோன்றியது.

புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை கூப்பிடு தூரம். நான் என்ன செய்தேன்? காலி வீதி பஸ்ஸில் ஏறி, நேர் எதிர்த் திசையில் வெள்ளவத்தைக்குப் போனேன். திவசத்துக்கு வேட்டி வாங்கவேண்டும் என்று எனக்கே சாட்டுச் சொன்னேன். பயம், வேறொன்றுமில்லை.

வேட்டி வாங்கிக்கொண்டு பழைய ஒழுங்கைக்குள் நடந்தேன். கடல் அப்படியே இருந்தது. ரெயில் போனபோது ஜன்னல்கள் அப்படியே அதிர்ந்தன. எங்கள் கட்டடத்து வாசலில் புதிய செக்யூரிட்டி, "யாரைப் பார்க்க?" என்று சிங்களத்தில் கேட்டார். சொல்ல ஒரு பெயர் இல்லை எனக்கு. பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீட்டு வாசலில், ஒரு பெயர்! அழுகை வந்துவிட்டது. ஆட்டோவை மறித்தேன்.

டிரைவர் ஹட்டன் பக்கத்துக்காரர். "சிலாபத்துலயா இருக்கீங்க? கொழும்ப விட்டுட்டு அங்க என்னம்மா இருக்கு?" என்றார்.

"ஆக்கள் இருக்கினம் தம்பி, தேவைக்கு மிஞ்சி" என்றேன். சிரித்தார். மீட்டர் போட்டுத்தான் ஓடினார். நீங்களும் மீட்டர் இல்லாமல் ஏறாதீர்கள்.

மச்சாள் வீடு கடையொன்றுக்கு மேலே, முதலாம் மாடி. கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "வா" என்று சொல்லவில்லை, உள்ளே திரும்பி நடந்தார். எங்கள் ஆட்களிடம் செத்த வீட்டுக்கு வந்தவரை "வாங்கோ" என்பதும் இல்லை, திரும்பும்போது "போட்டு வாறன்" என்பதும் இல்லை. சாவுக்குப் பிறகு நாங்கள் முகம் பார்ப்பது இதுதான் முதல் தரம். சொல்லாமல் விட்டது முறைக்கா, கோபத்துக்கா என்று தெரியாமல் பின்னால் போய்க் கதிரை நுனியில் இருந்தேன்.

மச்சாள் ஃபேனைப் போட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "வண்டிக்காரனுக்குச் சோறு குடுத்தனீங்களாம்."

"ஓம் மச்சாள். பக்கத்து வீட்டில குடுத்தவை."

"வந்து சொன்னவன். றோட்டு முழுக்க வெள்ளைக் கொடியாம். எடுத்தாச்செண்டு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்." குரல் உயர்ந்தது. "நான் மலர்ச்சாலையில நிண்டனான் கலா. பூ வந்திட்டுது. சனம் வந்திட்டுது. வண்டியும் வந்திட்டுது. கதவைத் திறந்தா உள்ளுக்கு ஒண்டுமில்லை. வந்த சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? எங்க என்ர தம்பி எண்டு யாரைக் கேக்க?"

எனக்கும் பொறுக்கவில்லை. "என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே மச்சாள்."

"நீ ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

இரண்டும் உண்மை. அதற்கு மேல் இருவருக்கும் சண்டை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. கீழே மீன் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். மச்சாள் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தார்.

"முகம் எப்பிடி இருந்தது?"

ஒரு வருடமாக அவர் என்னிடம் கேட்க நினைத்தது இதைத்தான். சொன்னேன். டெயிலர் தன் கையாலேயே சவரம் செய்துவிட்டதை, தான் தைத்த நீலச் சேர்ட்டைப் போட்டதை, உதடு யாரையோ ஏசப்போகிறது மாதிரி இருந்ததைச் சொன்னேன். "இடக் கண்தான் மச்சாள், முழுக்க மூடேல்ல. எத்தனை தரம் மூடிப் பாத்தம்."

"அவன் சின்னனிலயும் அப்பிடித்தான்" என்றார் மச்சாள். "ஒரு கண்ணைப் பாதி திறந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுவான். நான் பயந்து தட்டி எழுப்புவன்." அதோடு உடைந்துபோனார். நானும்தான். ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, ஒரு வருடத்து அழுகையை அழுதோம்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு திவசத்தைச் சொன்னேன். அடுத்த கிழமை வெள்ளி. மேரி அக்கா வேதக்காரி என்றாலும் மரக்கறிச் சமையலுக்கு மீன் படாத புதுச் சட்டியே வாங்கிவிட்டார் என்று சொன்னேன். மச்சாள் வேட்டிப் பையை எடுத்து என் கையில் தந்தார். பின்னேர பஸ்ஸுக்கு நேரமானது. முறைப்படி வாய் திறக்காமல் எழும்பிக் கதவுவரை போனேன்.

"கலா." திரும்பினேன். "சொல்லிப்போட்டுப் போ."

"போட்டு வாறன் மச்சாள்."

"ம். வா." பாதிப் படி இறங்கியிருப்பேன், மேலிருந்து குரல், "எந்த பஸ்? எங்கினை ஏறுறது? நான் அந்தப் பக்கம் போய் அறியேன்."

"எழுதி அனுப்புறன்" என்றேன்.

குடிபெயர நினைக்கிற உங்களுக்கு என் அறிவுரை சிறியது. தண்ணீர், வாடகை, ஆஸ்பத்திரித் தூரம் எல்லாம் விசாரியுங்கள். அயலவர் தொல்லை தருவார்கள், அந்தத் தொல்லை ஒரு நாள் தேவைப்படும். போகமுதல் உங்கள் சொந்தங்களைக் கூப்பிட்டு, இனி எங்களுக்கு எது நடந்தாலும் அது அந்த ஊரில்தான் நடக்கும், நீங்கள் அங்கேதான் வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஒரு மாதிரித்தான் இருக்கும். சொல்லுங்கள்.

மற்றது, மச்சாள், இது உங்களுக்கு. புறக்கோட்டையில் சிலாபம் ஏசி பஸ் என்று கேளுங்கோ. முழங்கால் நீட்ட முன் சீற்றில் இருங்கோ. நீர்கொழும்பு தாண்டினதும் தென்னந்தோட்டம் வரும், இரண்டு பக்கமும் பார்க்கலாம். நிலையத்தில் இறங்கி எந்த ஆட்டோவிலும் டெயிலர் வீடு என்று சொல்லுங்கோ. யார், எவர், எங்கேயிருந்து என்று அவன் கேட்பான், கோபப்படாதையுங்கோ. சிவா அண்ணையின்ர அக்கா எண்டு சொல்லுங்கோ. நீங்கள் வந்து இறங்கமுதல் எனக்குத் தெரிஞ்சிடும், நான் கேட்டடியில நிப்பன்.