பொய் சொல்லாத ஒரு ஆளைக் கேட்டேன்

என் மகள் கௌசல்யாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த மறு வாரமே, படிப்புக் கடன் தர முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். என் பேரில் பழைய பாக்கி நிற்கிறதாம். கடன் கட்டும் ஒழுங்குக்குப் போடுகிற சிபில் ஸ்கோர் ரொம்ப மோசமாம். பூண்டுப் பயிருக்கு வாங்கிய அந்தக் கடனைக் கட்டி நாலு வருஷம் ஆகிறது. முடிந்துபோனது என்றே நினைத்திருந்தோம்.

எனக்கு ஊர் கொடைக்கானல் மலையில் பூண்டி. ஆறாம் வகுப்போடு நின்றவள். சின்ன விஷயத்துக்கே சோறு இறங்காது எனக்கு. அன்றிலிருந்து ஊருக்குள் ஜீப் சத்தம் கேட்டால் போதும், பேங்க்காரர்கள்தான் என்று பின்பக்கமாகக் கேரட் தோட்டத்துக்குள் ஓடிவிடுவேன். மகள் காலேஜ் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த நேரத்தில் ஒருவன் வந்தான். ஐயாயிரம் கொடுத்தால் ரெக்கார்டையே அழித்துத் தருகிறேன் என்றான். விதைப்பூண்டு வாங்க வைத்திருந்த பணத்தை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். அதோடு அவன் போன் அணைந்துவிட்டது. காலேஜில் சேரும் நாளும் போய்விட்டது. கௌசல்யா பூண்டு உரிக்கும் கூலிக்குப் போனாள். நான் உயிரோடு இருந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பூம்பாறை முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "வேலப்பர் வந்து பேங்குல கையெழுத்துப் போடுவாராக்கும்?" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

குழந்தை வேலப்பர் முன்னால் நின்றபோது கடனை அடை என்று கேட்க வாய் வரவில்லை. "அப்பனே, பொய் சொல்லாத ஒரு ஆளைக் காட்டு" என்று மட்டும் கேட்டேன். வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன்.

பூ விற்கிற அக்கா பக்கத்தில் வந்தார். "ஏன்த்தா இப்பிடி அழுகுற? புருசன் அடிச்சானா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? கொடைக்கானல்ல ஒரு அம்மா இருக்காக. செவ்வாக்கெழமையானா தாலுகா ஆபீஸ் பக்கத்துல உக்காந்து கடன் சோலியெல்லாம் பாத்துச் சொல்லுவாக. காசு வாங்க மாட்டாக. அதனாலயே நானும் மொதல்ல நம்பல. வெரசாப் போ, பஸ் வந்துரும்."

போனேன். அந்த அம்மா என் பையில் இருந்த பேங்க் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் போன் நம்பர் யாரோடதுங்க?"

"அது வடுகபட்டியில எங்க கமிஷன் கடைக்காரருங்க."

எங்கள் ஊரில் அப்போது சிக்னல் கிடையாது. பேங்க் பாரத்தில் எல்லோருமே எங்களிடம் பூண்டு வாங்குகிற அவருடைய நம்பரைத்தான் எழுதினோம். அவர் கடையை மூடிவிட்டார். நம்பரும் செத்துப்போனது.

"வட்டியில கொஞ்சம் நின்னுபோச்சுங்க. பேங்குல இருந்து வருசக்கணக்கா அந்த நம்பருக்கே சொல்லிக்கிட்டு இருந்திருக்காக. நீங்க ஒங்க பாட்டுக்குப் பூண்டு நட்டுக்கிட்டு இருந்திருக்கீக" என்று சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று பேங்கில் சொன்னால் தலையாட்ட வேண்டாம் என்றார். அப்படி முடித்தால் முழுசாகக் கட்டவில்லை என்றே ரெக்கார்டில் நிற்குமாம். காசு வாங்கிக்கொண்டு ரெக்கார்டை அழிக்க யாராலும் முடியாது என்றும் சொன்னார். மேனேஜரிடம் கூடவே வந்து தவணை கேட்டு வாங்கிக் கொடுத்தார். நம்பரை மாற்றி எழுதிக் கொடுத்தோம். கேரட் விற்ற காசில் மூன்று தவணையாகக் கட்டினேன். பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கும் வரை பேங்கிலிருந்து நகரக் கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நகரவில்லை.

ஸ்கோர் ஒரே நாளில் ஏறவில்லை. மாசக்கணக்கில் ஆனது. அந்த மாசமெல்லாம் பயந்துகொண்டேதான் இருந்தேன். மறு வருஷம் கடன் கிடைத்தது. கௌசல்யா இப்போது படிக்கிறாள். அவள் இழந்த ஒரு வருஷம் போனதுதான்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஜீப் சத்தத்துக்கு ஒளிகிறவர்கள் இருந்தால், வேலப்பனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வழி காட்டினால் அன்றைக்கே எழுந்து போங்கள். என்னிடம் அவன் காசை அனுப்பவில்லை. படிக்காதவள் என்று என்னைத் திட்டாத ஒரு மனுஷியிடம் என்னை அனுப்பினான்.