கூரைத் தண்ணீர் மழையல்ல

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. அதில் இருவர் நான் பெறாதவர்கள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் மழையளவில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

நனைந்த கருங்கல் வாசனையோடு விடிந்தது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலை. புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் வாசலில் கிடந்த கல் உரல்தான் மழைக்கு அளவு. குழியில் நான்கு விரல் தண்ணீர் நின்றால் அது ‘உழவு மழை’, ஏர் பூட்டலாம் என்பார்கள். அன்று குழி தளும்பியது. அய்யன் என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் பெரியப்பாவும் அவரவர் காட்டில் கடலை விதைக்கக் காளைகளைப் பூட்டினார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே விதை மூட்டை. ஈரம் போதாத மண்ணில் போட்டால் முளை கருகிவிடும், அப்புறம் விதைக்க ஒன்றும் இருக்காது.

உரல் இருந்த இடம்தான் தப்பு. அத்தை கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கையில், நிழலுக்காக அதை நடுவாசலிலிருந்து கூரை ஓரத்துக்கு உருட்டியவர்கள் திருப்பி வைக்கவில்லை. கூரைத் தண்ணீரெல்லாம் அதில் விழுந்திருந்தது. முந்தின மாலை நான் கழுவாமல் நடுவாசலில் விட்ட கஞ்சிக் கும்பாவிலோ ஒரு விரல் தண்ணீர்கூட இல்லை. அதைத் தூக்கிக் காட்டினேன்.

“ஆடு குடிச்சிருக்கும், போ சாமி. கும்பாவக் கழுவாத கழுத மழைய அளக்குதாம்” என்று பெரியப்பா சிரித்தார்.

“ஆடு குடிச்சிருந்தா ஓரத்துல ஒட்டுன கஞ்சிய நக்காம உட்டிருக்குமாங்க?” என்று கேட்டுவிட்டு, விதை மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அம்மா காதைத் திருகினாள், நான் எழவில்லை.

அய்யன் காட்டுக்குப் போய் விரலால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு வந்தார். விரலில் ஒரு கணுவுக்குத்தான் சேறு. காளைகளை அவிழ்த்துவிட்டார். பெரியப்பா விதைத்தார்; முளைத்தது, அந்த மாதமே கருகியது. நாங்கள் ஆடிக் கடைசி மழைக்கு விதைத்தோம்; எங்கள் கடலை பிழைத்தது.

கும்பாவும் கொஞ்சம் சாய்ந்துதான் கிடந்தது, அந்தப் பிசகு என் பக்கம் உண்டு. ஆனால் அய்யன் மண்ணைத் தொட்டே மழையைச் சொன்னார் என்று ஊர் பேசியது, அவரும் மறுக்கவில்லை, என் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். இல்லை. சொன்னது நான்.

இப்போது வாசலுக்குச் சிமெண்ட் போட்டாயிற்று. உரலும் இல்லை, அந்தக் கூரையும் இல்லை. பேத்தி செல்போனைப் பார்த்து இத்தனை மில்லிமீட்டர் என்கிறாள். அளந்த பாத்திரம் எங்கே இருந்தது, மேலே மரம் இருந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. நான் மொட்டைமாடி நடுவில் இன்றும் கும்பா வைக்கிறேன்.

பேத்தி சாமி, இத எம் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டு. எங்கய்யன் சொன்னாருன்னு மாத்திப் படிக்காத. எழுதியிருக்கற மாதிரியே படி.