இடுப்பைப் பிடித்த பேண்ட்

பஸ் ஓட்டுநரின் யூனிஃபார்ம் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. ஊராருக்குத் தைக்கும் மெஷினில் வீட்டுத் துணிக்கு எப்போதும் கடைசி இடம்தான். இந்தப் பேண்ட் மட்டும் இந்த வருடத்தில் இரண்டாம் முறையாக முன்னால் வந்துவிட்டது.

அவர் இடது காலைத் தலையணைமேல் ஏற்றிக் கட்டிலில் படுத்திருந்தார். யூரிக் ஆசிட் கட்டைவிரல் மூட்டில் படிந்து, ஃபேன் காற்று பட்டாலே முகத்தைச் சுளிக்கவைத்தது. கிளட்ச்சை மிதிக்கும் கால் அது.

டிப்போவில் அவருக்கு 'கியர் அண்ணன்' என்று பெயர். எதிலும் டாப் கியர்தான்; மெதுவாகப் போகத் தெரியாது. யூரிக் ஆசிட் கூடுதல் என்று கேட்டதும் கறியை விட்டார், மீனை விட்டார், யாரோ சொன்னார்கள் என்று பருப்பையும் விட்டார். வலி மாத்திரையை மட்டும் விடவில்லை. அது இல்லாவிட்டால் கிளட்ச்சில் கால் வைக்க முடியாது. அது கிட்னியைக் கெடுக்கும் என்று அவள் திட்டும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவார். கிரியாட்டினின் நார்மல்.

"பாரு, ஃபர்ஸ்ட் கிளாஸ். என் கிட்னி உன் மெஷின விட நல்லா ஓடுது."

"என் மெஷினுக்கு நான் எண்ணெய் விடறேன். உங்களுதுக்கு நீங்க என்னத்த விடறீங்க?"

போன வாரம் டாக்டரும் அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும் நேரத்தில் அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"பருப்பக்கூடத் தொடறதில்ல டாக்டர். டூட்டி முடிஞ்சா கட்டில்தான். தொடையெல்லாம் சூம்பிப்போச்சு. பேண்ட்டப் பிடிச்சுப் பிடிச்சு என் கை ஓஞ்சுபோச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவந்து அவர் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"கிரியாட்டினின் சதையிலேர்ந்து வர்ற கழிவும்மா. சதை கரைஞ்சா அதுவும் கம்மியாத்தான் வரும். கிட்னி தளர்ந்திருந்தாக்கூட தாள்ல நல்லாருக்கற மாதிரி காட்டலாம். சிஸ்டாட்டின்-சி-ன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அது சதைய அவ்வளவா நம்பி இல்ல. அதையும் பாத்துடுவோம். அதுவரைக்கும் வலி மாத்திரை வேண்டாம்."

ரத்தம் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குக் கை ஓடவில்லை. மெஷின் பலகையில் போனை வைத்துக்கொண்டே தைத்தாள். நூல் அறுந்தது, மாட்டினாள், மறுபடி அறுந்தது. போன் அடித்தபோது மிதியிலிருந்த காலை எடுக்க மறந்தாள்; நூலில்லாத ஊசி துணியில் ஓடியது.

டாக்டர்தான். அவள் 'சரிங்க' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"பாதிதான் வேலை செய்யுதாம்."

"அப்போ அந்த நார்மல் தாளு?"

"அது உங்க தொடைய அளந்திருக்கு. அந்த மாத்திரைய இனிமே தொடவே கூடாதாம். வேற மருந்து தர்றாராம். வீக்கம் வடியற வரைக்கும் லீவு போடணுமாம்."

"லீவு போட்டா ரூட்டு போயிடும். அந்த ரூட்டுக்கு எத்தன பேரு நாக்கத் தொங்கப்போட்டுட்டு நிக்கறான் தெரியுமா?"

"ரூட்டு போனா வேற ரூட்டு வரும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேண்ட்டின் இடுப்புப் பட்டிக்குள் ஒரு சின்னப் பை உண்டு. சில்லறைக்கு என்று அவர் கேட்டு அவளே வைத்துத் தைத்தது. விரலை விட்டாள். மாத்திரைப் பட்டை வந்தது. மூன்று குழிகள் காலி. போன வாரம் டாக்டர் மாத்திரை வேண்டாம் என்று சொன்ன அன்று அவள் பார்த்தபோது ஒன்றுகூடக் காலியாகவில்லை. அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பையின் வாயை இரட்டைத் தையலாக ஓட்டி மூடினாள்.

காலையில் அவர் அதே பேண்ட்டைப் போட்டார். இடுப்பு கச்சிதமாக இருந்தது. விரல் தானாகப் பட்டிக்குள் போய்த் தையலில் வழுக்கி நின்றது. அவளைப் பார்த்தார். சட்டைப் பொத்தானை மாட்டினார்.

"லீவு சொல்லத்தானே டிப்போவுக்குப் போறீங்க?"

இடது குதிகாலை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.