வயல் பார்க்க வந்த பிள்ளை

சென்ற பெரும்போக நெற்செய்கையின்போது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வயல் வட்டையில் நடந்தது இது. விதைப்புக் காலத்தில் என் கணவர் கால் முறிந்து படுத்துவிட்டார். அதனால் எங்கள் இரண்டு ஏக்கரையும் விதைக்கப் பிந்திவிட்டது. விவசாயிகளுக்கான அரசாங்கக் கமநல நிலையத்தார் வந்து பார்த்த அன்று எங்கள் நிலம் வெறுமையாகக் கிடந்தது. விதைத்த காணிக்குத்தான் உர மானியம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லோருக்கும் வங்கியில் காசு விழுந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

பிந்தி விதைத்தாலும் பயிர் நன்றாகத்தான் முளைத்தது. யூரியா போடவேண்டிய பருவம் வந்ததும் வெளிறத் தொடங்கியது. உரம் வாங்கக் கையில் எதுவும் இல்லை. கமநல நிலையத்துக்கு ஓடினேன். அங்கே எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த உத்தியோகத்தர், மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் பிறந்து வளர்ந்த ஓர் இளம்பிள்ளை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பயிரைத் தன் கண்ணால் பார்த்தால்தான் மேலிடத்தில் பேசலாம் என்றாள். "வாங்கக்கா, இப்பவே போவம்" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

வாய்க்கால் கட்டுப் பாதையால் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவு திரும்பியதும், நடுப்பாதையில் ஒற்றை யானை. எங்கள் பக்கம் யானை வருவது புதிதல்ல. ஆனால் பட்டப்பகலில் அவ்வளவு கிட்ட நான் கண்டதேயில்லை. அவள் பிரேக் பிடித்த வேகத்தில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தது. யானை காதை விரித்தது.

"ஓடு புள்ள!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் குதித்தேன். சேறு காலை இழுத்தது. அவள் விழுந்தாள், தூக்கினேன். மருத மரத்தில் யாரோ கட்டியிருந்த காவல் பரணில் அவளை முதலில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

நல்லகாலம், யானை பின்னால் வரவில்லை. ஸ்கூட்டியில் இருந்த பையை இழுத்துக் கிழித்து, அதற்குள் இருந்த சோற்றுப் பார்சலைத் தின்றது. என் தோளில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தவள், மெல்லத் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா விடிய எழும்பிச் சமைச்சவ அக்கா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு இரண்டு பேருமே சிரித்தோம்.

சத்தம் கேட்டு வந்த ஆட்கள் யானை வெடி கொளுத்தினார்கள். யானை காட்டுப் பக்கம் போனது. கீழே இறங்கினால் அவளுடைய செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டன. எனக்கு மனம் கேட்கவில்லை. "நீ வீட்ட போ புள்ள, இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

"இன்னொரு நாள் இந்தப் பாதையால வர எனக்குத் துணிவு வராதக்கா. இப்பவே பாத்திட்டுப் போறன்."

வெறுங்காலோடு என் வரம்புகளைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு மூலையிலும் நின்று, தொலைபேசியில் படம் எடுத்தாள்.

அன்று பின்னேரம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய அம்மா.

"என்ட புள்ளய யானைக்கிட்டக் கூட்டிப் போனது நீங்கதானா?"

மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அழுதுகொண்டே, "ஓடேக்க கைய விடாமப் புடிச்சிருந்தீங்களாம். நல்லா இருப்பீங்க தங்கச்சி" என்றார். நானும் அழுதுவிட்டேன்.

அந்தப் படங்களைக் காட்டி அவள் மேலிடத்தில் பேசினாள். பயிர் முற்றாகப் பழுதாகும் முன்பே மானியம் வந்து சேர்ந்தது. உரம் போட்டேன். கொஞ்சம் குறைந்தாலும் கைவிடாத விளைச்சல்.

இப்போதும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது எனக்குக் கோபம் வரும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் ஏதோ ஒரு வீட்டில் அம்மா வழிபார்த்திருக்கும் பிள்ளைதான் என்ற எண்ணம், கோபத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.