ஒரு வாசல், எட்டுப் படம்

சுதாகரனிடம் வேண்டியதைச் சொன்னால் போதும், அது படத்தில் வந்துவிடும். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்து இருபது வருடமாகிறது. தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டாருக்காகச் சிவக்க வைப்பான். வெயிலே படாத ஒருத்திக்குக் கூடையை மாட்டி, ஹோட்டல் விளம்பரத்துக்குக் கொழுந்துக்காரியாக்குவான். கேட்பதைக் கொடுப்பதுதான் தொழில் என்பான். பக்கத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் நானும் அந்தத் திறமையை மெச்சியிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன மழையில் றொசல்லைக்கு மேலே மண் சரிந்து, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயம் போனது. எட்டுக் குடும்பங்களைப் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதில் ஒன்று சுதாகரனின் அக்கா வீரம்மாவுடையது. வீடு கட்டித் தர ஓர் உதவி நிறுவனம் வந்தது. ஆறு மாதத்தில் எழும்பியது ஒரே வீடு. மற்ற ஏழும் வெறும் அத்திவாரம். ஆனால் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எட்டுப் படம் வேண்டுமாம். படம் போனால்தான் மிச்ச வேலை நடக்கும் என்று நிறுவனத்து ஐயா சுதாகரனைக் கூப்பிட்டார்.

கமராவைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அக்காவுக்குச் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்று நம்பிவிட்டான். அந்த ஒரே வாசலில் குடும்பம் குடும்பமாக நிறுத்தினான். ஐயாவுக்கே தோன்றாத யோசனையும் அவனுடையதுதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு நிறத் திரைச்சீலை, வேறு கதவிலக்கம். வீரம்மாவுக்கு நீலத் திரை, ஐந்தாம் இலக்கம்.

முடிந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியேறியது. நிறுவனம் மூட்டை கட்டியது. அத்திவாரங்களில் மானாப்புல் முளைத்தது.

அக்காவும் தம்பியும் வீடு கேட்டு அரசாங்கக் காரியாலயத்துக்குப் போனார்கள். மனு எழுதிக் கொடுத்த நானும் கூடப் போனேன். அதிகாரி, நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன கோப்பைத் திறந்து வீரம்மாவின் படத்தைக் காட்டினார். வீடு பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்க முடியாதாம். எல்லாம் ஒரே வீடுதான், எடுத்தவனே நான்தான் என்று சுதாகரன் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னான். அவர் எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பினார். எட்டு நிறம், எட்டு இலக்கம். பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டும் என்றார். அந்தப் படங்களைப் பார்த்த எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வீரம்மா தன் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள். தம்பியை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

"நல்லாத்தான் எடுத்திருக்க தம்பி," என்றாள். "பாக்குற எனக்கே எங்க வீடுன்னுதான் தெரியுது."